பதினொரு பக்கமும் ஒரு திகதியும்

சில ஆண்டுகளுக்கு முன்னர், மார்ச் மாதம் 10ஆம் திகதி முற்பகல், ஒருவர் எமது வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார். கையிலே பழுப்பு நிற உறையொன்று. அதனுள் அவர் மகளின் தேர்ச்சி அறிக்கையும், கிராம அலுவலரின் அத்தாட்சிப் பத்திரமும், முத்து முத்தான எழுத்திலே நிரப்பப்பட்ட விண்ணப்பமும் ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்தன. நாம் அங்கத்துவம் வகிக்கும் சங்கமொன்று (பெயர் இங்கு வேண்டா) ஆண்டுதோறும் வசதி குறைந்த மாணவர் சிலருக்குக் கல்வி உதவிப் பணம் வழங்கி வருகிறது. அதற்கு மார்ச் 31 வரை தவணை உண்டெனச் சங்கத்தின் இணையத்தளத்திற் கண்டதாகவும், தபாலிற் போட்டுத் தவறிவிடலாகாதே என்று இரண்டு பஸ் மாறி நேரிற் கொண்டுவந்ததாகவும் அவர் கூறினார்.

தவணையோ பெப்ரவரி 28ஆம் திகதியுடன் முடிந்து, தெரிவும் நடந்து, பணமும் பங்கிடப்பட்டாயிற்று. இதனை நாம் தயங்கித் தயங்கிச் சொன்னபோது, அவர் சட்டைப் பையிலிருந்து கைத்தொலைபேசியை எடுத்து அந்தப் பக்கத்தைக் காட்டினார். மார்ச் 31 என்றே அங்கு இருந்தது. அவரிடம் ஒரு பிழையும் இல்லை.

செயற்குழுவினர் சிலர் தத்தம் கையிலிருந்து ஏதேனும் கொடுக்க முன்வந்தனர். அவர் ஏற்கவில்லை. “பறவாயில்லை ஐயா, வாற வருசம் பாப்பம்” என்று கூறி, கடதாசிகளை மறுபடியும் உறையினுள் இட்டு, அது மடங்காதபடி பையிலே வைத்துக்கொண்டு புறப்பட்டார். அவர் போனபின் நெடுநேரம் எமக்கு வேறு வேலை ஓடவில்லை.

அன்று பிற்பகல் கணக்கெடுத்துப் பார்த்தோம். அந்த அறிவித்தல் முகப்பில் ஒன்று, கல்விப் பகுதியில் ஒன்று, ஒவ்வொரு வகுப்பினருக்குமான பக்கங்களில் ஒவ்வொன்று எனப் பதினொரு பக்கங்களில் இடம்பெற்றிருந்தது. ஜனவரிக் கூட்டத்திலே தவணை ஒரு மாதம் முன்னே தள்ளப்பட்டபோது, தளத்தைக் கவனித்துவந்த இளைஞர் ஒவ்வொரு பக்கமாகச் சென்று பத்து இடங்களிலே திருத்தியிருந்தார். பதினோராவது பக்கம் அவர் நினைவில் வரவில்லை. நேயர்களே, அவரை நாம் குறைகூற மாட்டோம். சம்பளமின்றி இரவிலே விழித்திருந்து செய்த வேலை அது. ஒரு வாசகத்தைப் படியெடுத்துப் பல இடங்களிலே ஒட்டியவன், அது எங்கெங்கே போய் உட்கார்ந்திருக்கிறது என்பதனை ஆறு மாதத்தின் பின் எங்ஙனம் சொல்லுவான்?

இவ்வாரம் நாம் எடுத்துக்கொண்ட பொருள் இதற்கான மருந்துதான். மருந்து என்றோம், அதிலும் ஒரு பத்தியம் உண்டு என்பதனைப் பின்னர் காண்போம்.

இணையத்தளங்களை ஆக்கும் இக்காலக் கருவிகளிலே, பக்கம் என்பது ஒரே நெடுங்கடதாசியாகக் கருதப்படுவதில்லை. தலைப்பு ஒரு துண்டு, பந்தி ஒரு துண்டு, படம் ஒரு துண்டு, அட்டவணை ஒரு துண்டு எனப் பல துண்டுகளை அடுக்கியே பக்கம் கட்டப்படுகிறது. இத்துண்டுக்குப் புளொக் என்று பெயர். வீடு கட்டுவோர் சீமெந்திலே வார்க்கும் புளொக்கல்லும், அந்நாளில் பத்திரிகைப் படங்களை அச்சிடுவதற்கு உலோகத்தகட்டிலே செய்த புளொக்கும் நம்மவர் அறிந்தவையே. இதுவும் அவ்வகையான ஒரு கட்டுமானப் பொருள். உலகின் இணையத்தளங்களுள் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேற்பட்டவற்றுக்கு அடித்தளமாயுள்ள வேர்ட்பிரஸ் என்னும் இலவச மென்பொருள், 2018 டிசம்பர் 6ஆம் திகதி வெளியான தன் ஐந்தாம் பதிப்பிலே இம்முறையைக் கைக்கொண்டது. அந்தப் புதிய எழுதுகருவிக்கு அதன் ஆக்குநர் வைத்த பெயர் குட்டன்பேர்க். ஜேர்மனியின் மைன்ஸ் நகரிலே தனித்தனி உலோக எழுத்துகளைக் கோத்து, 1455ஆம் ஆண்டளவில் விவிலியத்தை அச்சிட்ட யொகான் குட்டன்பேர்க்கின் பெயரேதான். பத்திரிகையிலே எழுதும் எமக்கு இப்பெயர் உவகை தந்தது என்பதனை மறைப்பானேன்!

இப்புளொக்குகளுள் ஒன்றை எழுதி முடித்து, அதற்கு ஒரு பெயர் சூட்டி, களஞ்சியத்திலே வைத்துவிடலாம். பின்னர் எந்தப் பக்கத்தில் வேண்டுமோ அந்தப் பக்கத்திற்கு அதனை அழைத்துக்கொள்ளலாம். 2018இல் இதற்கு ‘மீளப் பயன்படும் புளொக்’ என்று பெயரிருந்தது. 2023 ஓகஸ்ட் மாதத்தில் வெளியான 6.3ஆம் பதிப்பிலே ‘ஒத்திசைந்த மாதிரி’ என்னும் பொருளுடைய பெயராக அது மாற்றப்பட்டது. பெயர் மாறினும் சாரம் மாறவில்லை.

சாரம் யாதெனின், அழைக்கப்பட்ட பக்கத்திலே அந்த வாசகம் இருப்பதில்லை. ‘இவ்விடத்தில் இன்ன இலக்கமுடைய புளொக்கை வைக்க’ என்னும் ஒரு குறிப்பு மாத்திரமே அங்கு இருக்கிறது. வாசகம் இருப்பது களஞ்சியத்தில், ஒரேயொரு பிரதியாக. வாசகர் பக்கத்தைத் திறக்கும் வேளையிலேதான் அது கொண்டுவந்து பொருத்தப்படுகிறது. ஆதலால் களஞ்சியத்திலே திகதியை ஒருமுறை மாற்றினாற் போதும். பதினொரு பக்கமும் ஒருங்கே மாறிவிடும். மறந்துபோவதற்குப் பதினோராவது பக்கம் என்று ஒன்று இல்லை.

இதனோடு படியெடுக்கும் மாதிரியும் உண்டு. அதனை ஒரு பக்கத்தில் இட்டவுடன் அது மூலத்தோடு உறவறுத்துத் தனியே வாழத் தொடங்கிவிடும். முன்னையது எங்கள் பக்கத்துப் பங்குக் கிணறு போன்றது. நான்கு வீட்டாரும் அள்ளுவது ஒரே ஊற்றை. பின்னையது வாழைக்குட்டி போன்றது. பெயர்த்து வேறு வளவிலே நட்டபின் தாய்வாழைக்கு நீர் விட்டாலென்ன, விடாதுபோனாலென்ன, குட்டிக்கு அது தெரியாது. புளொக்கைச் சேமிக்கும்போது எது வேண்டுமென்று கருவி கேட்கும். அந்தக் கேள்வியைப் பலர் கவனியாது தாண்டிவிடுகின்றனர். வேலையின் உயிர்நாடியே அதுதான்.

இந்தக் கருத்துக் கணினியோடு பிறந்தது என்று இளைஞர் எண்ணலாம். அன்று. அச்சுத் தொழிலார் இதனோடு இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக மல்லாடியிருக்கின்றனர். குட்டன்பேர்க்கின் முறையிலே மீளப் பயன்பட்டது எழுத்து மாத்திரமே. ஒரு பக்கம் அச்சாகி முடிந்ததும் கோத்ததைக் கலைத்து, எழுத்துகளை அவ்வவற்றின் அறையிலே இட்டு, அடுத்த பக்கத்துக்குப் புதிதாகக் கோப்பார்கள். அதே நூல் மறுபடியும் வேண்டுமாயின் மறுபடியும் கோக்கவேண்டும். புதிதாகக் கோக்குந்தோறும் புதிய பிழைகளும் புகும்.

ஸ்கொத்லாந்திலே எடின்பரோ நகரத்துப் பொற்கொல்லர் வில்லியம் கெட் என்பவர் 1725ஆம் ஆண்டளவிலே இதற்கு ஒரு வழி தேடினார். கோத்த பக்கத்தின்மேற் சாந்து பூசி அச்செடுத்து, அதனுள் உருக்கிய உலோகத்தை வார்த்தால், பக்கம் முழுவதும் ஒரே தகடாகிவிடும். எழுத்துகளைக் கலைத்துவிடலாம், தகட்டை வைத்துக்கொண்டு வேண்டியபோதெல்லாம் அச்சிடலாம். அவருடைய முயற்சிக்கு அச்சுக்கோப்பாளரே எதிரிகளாயினர். ஒருமுறை கோத்தது என்றென்றும் போதுமானால் தமது பிழைப்பு என்னாவது என்று அஞ்சிய அவர்கள், வேண்டுமென்றே பக்கங்களிற் பிழைகளைப் புகுத்தினார்கள் என்பர். கெட் மனந்தளராது, பழைய உரோம வரலாற்றாசிரியரான சல்லுஸ்ற்றின் நூலைத் தகடுகளைக்கொண்டு 1739இல் அச்சிட்டுக் காட்டினார். ஆனாலும் அவர் தொழில் தழைக்கவில்லை.

அந்நூற்றாண்டின் இறுதியிலே பிரான்சின் ஃபிர்மான் டிடோ இம்முறைக்கு ‘ஸ்ரீரியோரைப்’ என்னும் பெயரைத் தந்தார். திண்மையான அச்சு என்பது அதன் பொருள். அவர் இதனைப் பயன்படுத்திய நூல்களுள் ஒன்றுதான் எமது உள்ளத்தைக் கவர்ந்தது. 1795இல் வெளிவந்த, கலே என்பவர் தொகுத்த மடக்கை அட்டவணை! க.பொ.த. சாதாரண தரத்துக்குப் படிக்கும் பிள்ளைகள் மடக்கை அட்டவணையைப் புரட்டிப் புரட்டிச் சலித்திருப்பார்கள். அப்பக்கங்களிலே ஓர் இலக்கம் பிழைத்தாற் கணக்கு முழுவதும் பிழைக்கும்; அக்காலத்திலே அதைக்கொண்டு கப்பலோட்டியவன் பாறையிலே மோதவும் கூடும். ஒவ்வொரு பதிப்புக்கும் இலக்கங்களைப் புதிதாகக் கோத்தால், பழைய பிழை ஒன்றைக் களையும் கையே புதிய பிழை இரண்டைப் புகுத்திவிடும். அட்டவணையை அசையாத வார்ப்பாக வைத்துக்கொண்டாலோ, கண்டுபிடித்த பிழையை அந்த ஓரிடத்திலே திருத்தலாம். திருத்தியது திருத்தியபடியே நிற்கும். வேலை மிச்சம் என்பது இரண்டாம்பட்சமே. திருத்தம் நிலைத்து நிற்பதுதான் முதற்பயன்.

சங்கத்தின் இளைஞருக்கு இக்கதையைச் சொன்னபோது, அவர் உடனே கூறியது: “அப்ப எங்கடை தவணைத் திகதியும் மடக்கை அட்டவணை மாதிரித்தான், ஐயா.” இவ்வளவு நறுக்காக எமக்குச் சொல்ல வந்திராது.

ஆயினும் ஸ்ரீரியோரைப் என்னும் அச்சொல்லுக்கு ஆங்கிலத்திலே பின்னர் நேர்ந்த கதியையும் கூறவேண்டும். சிந்தியாமலே ஒரு கூட்டத்தார்மீது ஒட்டிவிடும் அச்சடித்த எண்ணத்துக்கு அது பெயராயிற்று. அத்தகட்டுக்குப் பிரெஞ்சுக்காரர் வழங்கிய இன்னொரு பெயரான ‘கிளிஷே’ தேய்ந்துபோன சொற்றொடரைக் குறிப்பதாயிற்று. அமெரிக்காவிலே சிறிய ஊர்ப் பத்திரிகைகளுக்கு ஆயத்தமாக வார்த்த கட்டுரைத் தகடுகளைப் பெட்டியிலே அடைத்து அனுப்பிய காலமொன்று இருந்தது. அவற்றைக் கொதிகலத் தகடு என்று கேலியாக அழைத்தார்கள். ஊர் வேறு, பத்திரிகை வேறு, உள்ளே கிடந்தது ஒரே சரக்கு. மீளப் பயன்படுத்துதலுக்கு உலகம் வைத்த பெயர்களெல்லாம் ஏச்சாகவே முடிந்திருப்பது வேடிக்கைதான்.

எனினும் நாம் அவ்வளவு கடுமையாகத் தீர்ப்புக் கூற ஆயத்தமில்லை. இலங்கைத் தமிழ்ப் பத்திரிகைகளின் மரண அறிவித்தல்களை நோக்குக. உற்றார், உறவினர், நண்பர்கள் இவ்வறிவித்தலை ஏற்றுக்கொள்ளும்படி கேட்டுக்கொள்ளும் அந்த ஈற்று வாக்கியத்தை அறியாத தமிழ்க் குடும்பம் நம் நாட்டில் உண்டா? தலைமுறை தலைமுறையாக ஒரே வாக்கியம். அது கிளிஷேயா? இருக்கலாம். ஆனால் தாயை இழந்து நிற்கும் ஒருவன் அந்த வேளையிலே புதிய வாக்கியம் தேடவேண்டியதில்லை. ஊர் அவனுக்காக முன்னரே எழுதி வைத்திருக்கிறது. அதே குடும்பத்தினருக்கு நண்பரொருவர் எழுதும் அனுதாபக் கடிதம் அச்சடித்ததாக இருந்தாலோ மனம் நோகும். எதனை வார்த்து வைக்கலாம், எதனை ஒவ்வொரு முறையும் கையால் எழுதவேண்டும் என்பது கருவிக்குத் தெரியாது. எமது தளத்திலே முகவரி, தொலைபேசி இலக்கம், அலுவலக நேரம், தவணை, வங்கிக் கணக்கு விபரம் ஆகியவற்றைப் புளொக்காக்கினோம். உதவி பெற்ற மாணவருக்கான வாழ்த்துச் செய்தியையும் அவ்வாறே ஆக்கலாமென ஓர் அங்கத்தவர் பிரேரித்தார். செயற்குழு மறுத்துவிட்டது.

தகட்டுக்கும் இன்றைய புளொக்குக்கும் இடையே ஒரு பெரும் வேறுபாடு உண்டு. தகட்டிலிருந்து அச்சாகி வெளியேறிய பிரதியை மறுபடி திருத்த முடியாது. வீட்டுக்குப் போன பத்திரிகை போனதுதான். புளொக்கோ வாசகர் திறக்கும் கணத்திலே மூலத்திலிருந்து வருவது. இக்கனவைக் கணினி உலகிலே முதலிற் கண்டோருள் ஒருவர் அமெரிக்கரான தெட் நெல்சன். 1960இல் அவர் தொடங்கிய சனடு என்னும் திட்டத்திலே, ஒரு நூலின் பகுதி இன்னொரு நூலில் எடுத்தாளப்படும்போது அது மூலத்தோடு தொடர்பு அறாமலே தோன்றவேண்டும் என்பது அவர் விருப்பம். திட்டம் அவர் எண்ணியவாறு உலகை ஆளவில்லை. எண்ணம் மாத்திரம் வெவ்வேறு உருவங்களிலே வாழ்கிறது.

இனிப் பத்தியத்துக்கு வருவோம். மறு ஆண்டு தவணை ஒழுங்காகத் திருத்தப்பட்டது. ஒரு விண்ணப்பமும் பிந்தவில்லை. எமக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அந்த நிமிர்வு ஆவணி மாதம் வரையே நீடித்தது. ஊர்க் கோயிலின் தேர்த்திருவிழா ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. உயர்தரம் படிக்கும் மாணவரொருவர் அப்போது தளத்துக்குப் பொறுப்பாயிருந்தார். வாசிகசாலைக்கான பக்கத்தைத் திறந்து, அடியிலிருந்த அலுவலக நேரத்தின் கீழே ‘நாளை வெள்ளிக்கிழமை அலுவலகம் திறக்கப்படமாட்டாது’ என்று ஒரு வரி சேர்த்துச் சேமித்துவிட்டுத் தேர்வடம் பிடிக்கப் போய்விட்டார்.

அலுவலக நேரம் புளொக்கிலே இருந்தது. ஆகவே அந்த வரி தளத்தின் அறுபத்திரண்டு பக்கங்களிலும் ஏறிக்கொண்டது. வெள்ளிக்கிழமை போயிற்று, வரி போகவில்லை. மூன்று வாரமாக எந்த நாளிலே எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் நாளை அலுவலகம் இல்லை. இறுதியிலே கனடாவிலிருந்து பழைய அங்கத்தவரொருவர் தொலைபேசியில் அழைத்து, “என்ன, சங்கத்தைப் பூட்டியாச்சோ?” என்று கேட்டபோதுதான் எமக்குச் செய்தி எட்டியது. மாணவரை அழைத்து விசாரித்தோம். “நான் அந்த ஒரு பக்கத்திலைதானே மாத்தினனான், ஐயா!” என்றார் பரிதாபமாக. அவர் உண்மையையே சொன்னார். ஒரு பக்கத்தில் நின்றுகொண்டு கிணற்றுக்குள் வாளியை விட்டிருக்கிறார், அவ்வளவுதான்.

பங்குக் கிணற்று நீரில் ஏதேனும் விழுந்தால் நான்கு வீட்டு அடுப்பிலும் அதுவே கொதிக்கும். இதற்குக் கருவியும் ஓர் எச்சரிக்கை தருகிறது. ஒத்திசைந்த புளொக்கைத் தொட்டவுடன், சாதாரணப் புளொக்குகளுக்கில்லாத கத்தரிப்பூ நிறக் கோடொன்று அதனைச் சுற்றித் தோன்றும். அந்த நிறத்தைக் கண்டாற் கையை எடுத்துவிட்டு யோசிக்கவேண்டும். ஓரிடத்துக்கு மாத்திரம் மாற்றம் வேண்டுமாயின், அந்தப் பக்கத்தில் உள்ளதை மூலத்திலிருந்து பிரித்தெடுக்கும் கட்டளையும் உண்டு. பிரித்தெடுத்தபின் அது வாழைக்குட்டி. மூலம் மாறும்போது தானாக மாறும் என்று எதிர்பார்க்கக்கூடாது. களஞ்சியத்திலிருந்த மூலத்தையே அழித்துவிட்டாலோ, அதனை அழைத்திருந்த எல்லாப் பக்கங்களிலும் அந்த இடம் வெறுமையாகும். எழுதுபவர் உள்ளே சென்று பார்த்தால், அந்தப் புளொக் அழிக்கப்பட்டுவிட்டது அல்லது கிடைக்கவில்லை என்னும் அறிவித்தல் அங்கே நிற்கும்.

பெரிய இடங்களிலே இந்த ஆபத்தை எவ்வாறு தடுக்கின்றனர் என்று விசாரித்தோம். விக்கிப்பீடியாவிலே பல பக்கங்களுக்குப் பொதுவான இத்தகைய துண்டுகள் ஏராளம். தமிழ் விக்கிப்பீடியாவிலே அதற்கு ‘வார்ப்புரு’ என்று பெயர். எத்துணை பொருத்தமான சொல்! வார்த்த தகட்டின் நினைவு அதற்குள்ளே அப்படியே கிடக்கிறது. யார் வேண்டுமானாலும் எந்தக் கட்டுரையையும் திருத்தலாம் என்னும் கொள்கையுடைய ஆங்கில விக்கிப்பீடியா, பெருந்தொகையான பக்கங்களிலே அழைக்கப்படும் வார்ப்புருக்களை எல்லோர் கைக்கும் விடுவதில்லை. 2013ஆம் ஆண்டு முதல் அவற்றைத் திருத்துவதற்கென்றே ஒரு தனி உரிமையை ஏற்படுத்தி, பழகிய கைகளுக்கு மாத்திரம் அதனை வழங்கிவருகிறது. கட்டுரைக்குக் கதவு திறந்திருக்கிறது. ஊற்றுக்கு மூடி போடப்பட்டிருக்கிறது.

இடையே இன்னொரு வழியும் உண்டு. இலங்கைத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் சேர்த்துவைக்கும் ‘நூலகம்’ தளத்தை மாணவர் பலர் அறிவர். அங்கே எந்த நூலின் பக்கத்தைத் திறந்தாலும் நூலக எண், ஆசிரியர், மொழி, வெளியீட்டாண்டு, பக்கங்கள் என்று ஒரே ஒழுங்கிலே ஒரு சட்டம் தோன்றும். சட்டம் எல்லாவற்றுக்கும் பொது. அதனுள் நிரப்பியது அந்தந்த நூலுக்குரியது. வேர்ட்பிரஸ் மென்பொருளிலும் 2024 ஜூலையில் வந்த 6.6ஆம் பதிப்பு இவ்வசதியைக் கொண்டுவந்தது. புளொக்கின் அமைப்பைப் பொதுவாக வைத்துக்கொண்டு, அதிலுள்ள ஒரு தலைப்பையோ பந்தியையோ படத்தையோ மாத்திரம் பக்கத்துக்குப் பக்கம் வேறாக இட அனுமதிக்கலாம். எமது தளத்தின் நிகழ்ச்சி அறிவித்தல்களை இப்போது இவ்வாறே ஆக்குகிறார்கள்.

இவ்வளவும் ஒரு மொழிக்குப் போதும். நமது நாடோ மும்மொழி நாடு. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தத்தினால் தமிழும் அரச கரும மொழியாயிற்று. அரச தளங்களிலும், எம்மைப் போன்ற சிறு சங்கங்களின் தளங்களிலும் சிங்களம், தமிழ், ஆங்கிலம் என மூன்று வாயில்கள் இருக்கின்றன. தமிழ் வாயிலாற் புகுந்து, ஆங்கிலப் பக்கத்திலே எப்போதோ மாற்றப்பட்ட பழைய செய்தியைப் படித்து ஏமாந்த அனுபவம் நேயருட் பலருக்கு இருக்கக்கூடும். புளொக் இதற்கு உதவுமா? தானாக உதவாது. தமிழிலுள்ள அறிவித்தல் ஒரு புளொக். ஆங்கிலத்திலுள்ளது வேறொரு புளொக். இரண்டும் ஒரே செய்தி என்பது நமக்குத் தெரியும், கருவிக்குத் தெரியாது. ஆங்கிலத்திலே திகதியை மாற்றினால் அந்த மொழிப் பக்கங்களெல்லாம் அழகாக ஒத்திசைந்து மாறும். தமிழ்ப் பக்கங்களெல்லாம் அதே அழகோடு ஒத்திசைந்து பழையதையே சொல்லிக்கொண்டிருக்கும். முன்னர் ஒரு பக்கம் பொய் சொன்னது. இப்போது ஒரு மொழியே பொய் சொல்லும்.

எமது செயற்குழுவிலே இதனைப்பற்றி நெடுநேரம் விவாதித்தோம். இறுதியிலே, முன்பு கணக்காளராயிருந்து ஓய்வுபெற்ற பெரியவரொருவர் எளிய யோசனையொன்று சொன்னார். வார்த்தைகள் மூன்று மொழியிலும் வேறு, இலக்கங்கள் வேறல்லவே? தவணையை வாக்கியத்தினுள்ளே புதைக்காமல், 2026.02.28 என்று வர்த்தமானியிற் போடுவதுபோல ஆண்டு, மாதம், நாள் என்ற ஒழுங்கிலே இலக்கமாக எழுதித் தனிவரியில் வைத்தால், அந்த ஒரு வரியை மூன்று மொழிப் பக்கங்களும் ஒரே புளொக்கிலிருந்து எடுத்துக்கொள்ளலாமே என்றார். தொலைபேசி இலக்கத்துக்கும் வங்கிக் கணக்கிலக்கத்துக்கும் அவ்வாறே. கணினியை அதிகம் தொட்டறியாதவர் அவர்! அன்றிரவே இளைஞர்கள் அப்படியே செய்துமுடித்தனர். மாதத்தை முன்னும் நாளைப் பின்னும் எழுதுவோர்க்கும், நாளை முன் எழுதுவோர்க்கும் இடையே வரும் குழப்பமும் இதனால் ஒழிந்தது.

வாக்கியங்களின் பிரச்சினை அப்படியேதான் இருக்கிறது. தகுதி விதியொன்று மாறினால் மூன்று புளொக்கையும் மூன்று பேர் திருத்தவேண்டும். அதற்கு எண்பது பக்கக் கொப்பி ஒன்றை வாங்கி, கோடு போட்டு, புளொக்கின் பெயர், மொழி, திருத்துபவர், திருத்திய திகதி என நான்கு நிரல் வரைந்து அலுமாரியிலே வைத்திருக்கிறோம். ஒருவர் திருத்தினால் மற்ற இருவருக்கும் அறிவித்த பின்னரே கையொப்பமிடவேண்டும் என்பது விதி. இவ்வளவு நவீனமான கருவிக்கு இப்படியொரு கொப்பியா என்று மாணவர் சிரித்தனர். கொப்பியின் முதற்பக்கத்திலே, பதினொரு பக்கங்களின் பெயரையும் வரிசையாக எழுதி, பதினோராவதன் கீழே சிவப்பு மையாற் கோடிட்டது யார் என்பது எமக்குத் தெரியாது. சிரித்தவர்களுள் ஒருவராகத்தான் இருக்கவேண்டும்.

அந்தத் தந்தை மறு ஆண்டு ஜனவரி மாதமே வந்துவிட்டார், அதே பழுப்பு உறையோடு. உறையின் மேலே முன்னைய ஆண்டை வெட்டிப் புதிய ஆண்டை எழுதியிருந்தார். பிள்ளைக்கு உதவி கிடைத்தது.